மஞ்சள் ஒயரும் கோணிய தகடும்

கேள்வி: கொளத்தூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். போன வாரம் ஒரு பிக்கப் வண்டி வந்தது. மாதவரம் ரவுண்டானா அருகே தண்ணீர் லாரியின் பின்னால் இடித்து, முன் பம்பரின் இடது பக்கம் உள்ளே போயிருக்கிறது. ஏர்பேக் விரியவில்லை. பம்பரைக் கழற்றக் கீழே படுத்துப் பார்த்தபோது, மஞ்சள் குழாய்க்குள் ஓடும் ஒயரும் அதன் முனையில் ஒரு சிறிய டப்பாவும் தெரிந்தன. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். “கை வைத்தால் ஏர்பேக் முகத்தில் வெடிக்கும்” என்கிறான் நண்பன். “பேட்டரியைக் கழற்றிவிட்டு உடனே வேலையைப் பார்” என்கிறார் முதலாளி. யார் சொல்வது சரி? அந்த டப்பா உட்கார்ந்திருக்கும் தகடும் கோணியிருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்தலாமா? பழைய பம்பருக்குப் பதிலாக இரும்பு கார்டு போட்டுத் தரும்படி வாடிக்கையாளர் கேட்கிறார். வருகிற சனிக்கிழமை வண்டி கொடுக்க வேண்டும்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்’ என்ற வரிதான். சென்னையின் பாடிப் பகுதியில் முப்பது வருடமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். தெரியாத ஒயரைக் கண்டதும் கையை எடுத்தவர்கள் குறைவு. கட்டிங் பிளேயரை எடுத்தவர்கள்தான் அதிகம். அவர்கள் செய்து வைத்ததைச் சரிசெய்தே என் வீட்டு வாடகையில் பாதி கட்டியிருக்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதும் முழுச் சரியில்லை, முதலாளி சொல்வதும் முழுச் சரியில்லை. முதலாளியின் பேச்சில் ‘உடனே’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரி. நண்பரின் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் இடம் தவறு.

முன்னால் நீங்கள் பார்த்த அந்த டப்பாவுக்குள் வெடிக்கும் பொருள் எதுவும் கிடையாது. அது மோதலை உணரும் சென்சார். உள்ளே ஒரு சிலிக்கான் சில்லு. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு சீப்புகள் போன்ற அமைப்பு இருக்கும். ஒரு சீப்பு அசையாது, மற்றொன்று லேசாக அசையும். வண்டி திடீரென்று எதிலாவது மோதி வேகம் இழக்கும்போது அசையும் சீப்பு நகர்கிறது, பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறுகிறது, அதை மின்சாரக் கணக்காக மாற்றி ஒயர் வழியே அனுப்புகிறது. பழைய வண்டிகளில் இதே வேலையை ஒரு எஃகு குண்டு செய்தது. காந்தம் பிடித்து வைத்திருக்கும் குண்டு, மோதலில் காந்தத்தை விட்டு உருண்டு போய் இரண்டு முனைகளைச் சேர்க்கும். கோலிக்குண்டு விளையாட்டுதான்.

வெடிக்கும் மருந்து இருப்பது ஸ்டீயரிங் நடுவில், பயணி பக்க டேஷ்போர்டுக்குள், சில வண்டிகளில் இருக்கையின் ஓரத்திலும் கூரை ஓரத்திலும், பல வண்டிகளில் சீட் பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பிடிக்கும் உறுப்புக்குள்ளும். சீட் பெல்ட்டுக்குள் மருந்து இருப்பது பலருக்குத் தெரியாது. இருக்கைக்கு அடியில் மஞ்சள் கப்ளர் (ஏர்பேக் ஒயர்களை இணைக்கும் சொருகி) தெரிந்தால், வாட்டர் சர்வீஸ் செய்யும் பையனிடமும் சொல்லி வையுங்கள்.

இவற்றை வெடிக்கச் சொல்லும் அதிகாரம் முன் சென்சாருக்குத் தனியாக இல்லை. பெரும்பாலும் கியர் லீவருக்குக் கீழே, தரையோடு போல்ட் போட்டு ஒரு கண்ட்ரோல் யூனிட் இருக்கும். அதற்குள்ளும் ஒரு சென்சார் உண்டு. முன்னால் இருப்பவர் “மோதல்” என்று சாட்சி சொன்னால், நடுவில் இருப்பவர் “ஆமாம், எனக்கும் தெரிகிறது” என்று சொல்ல வேண்டும். இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. இந்த விசாரணை தொடங்கி, பை முழுதாக விரிந்து முடிய ஆகும் நேரம் சுமார் 30 முதல் 50 மில்லி செகண்ட். கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை. முன் சாட்சியை வண்டியின் மூக்கருகே வைத்திருப்பதே, செய்தி சில மில்லி செகண்டாவது முன்கூட்டி வர வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே நீங்கள் முன் சென்சாரின் கப்ளரைக் கழற்றினால் ஏர்பேக் விரிந்துவிடாது. சாவி போட்ட நிலையில் கழற்றினால் யூனிட் அதைப் பழுது என்று பதிவு செய்து, மீட்டரில் ஏர்பேக் விளக்கை எரிய விடும். அதை அணைக்க, யூனிட்டில் பதிவான பழுதைப் படித்து அழிக்கும் ஸ்கேனர் வேண்டியிருக்கும். வெட்டிச் செலவு.

அப்படியென்றால் பேட்டரியை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். சாவி போட்டிருக்கும்போது யூனிட் விழித்திருக்கிறது. சென்சாருக்குப் பக்கத்தில் சுத்தியலால் அடிப்பது, காற்றுத் துப்பாக்கியால் போல்ட் கழற்றுவது, ஒயரை நசுக்குவது எல்லாம் அதற்குக் கேட்கும். இரண்டு சாட்சி ஏற்பாட்டை நம்பி யாரும் முகத்தைப் பணயம் வைப்பதில்லை. அதனால் சாவியைக் கழற்றுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் சாவியைப் பட்டறையின் மறுகோடிக்கு அனுப்பிவிடுங்கள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

பிறகு பேட்டரியின் மைனஸ் முனை. கழற்றி, துணி சுற்றி, தானாகத் திரும்பிப் போய்த் தொடாத தூரத்தில் ஒதுக்குங்கள். இரண்டு பேட்டரி உள்ள வண்டியென்றால் இரண்டையும். இங்கேதான் உங்கள் முதலாளியின் ‘உடனே’ இடிக்கிறது. மோதலில் முதலில் நசுங்குவது பேட்டரியாகவே இருக்கலாம் அல்லவா? அதனால் பேட்டரி செத்தாலும் ஏர்பேக்கை விரிக்கத் தேவையான மின்சாரத்தைக் கண்ட்ரோல் யூனிட் தனக்குள் கெபாசிட்டரில் சேமித்து வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய அந்த நொடியில் யூனிட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அது வடிந்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் 90 வினாடி என்கின்றன, சில 3 நிமிடம், சில 10 நிமிடம். அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதற்குக் குறையாமல் காத்திருங்கள். என் கடையில் எல்லா வண்டிக்கும் பதினைந்து நிமிடம். மைனஸைக் கழற்றியதும் டீக்கடைக்குப் போய்விடுவோம். முதலாளி கேட்டால் என் பெயரில் ஒரு டீ எழுதச் சொல்லுங்கள்.

ரேடியோ செட்டிங் அழியாமல் இருக்க, பேட்டரியைக் கழற்றும்போது வேறொரு சிறிய பேட்டரியைச் செருகி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஏர்பேக் வேலையில் அது கூடவே கூடாது. நீங்கள் காத்திருந்த பதினைந்து நிமிடமும் வீணாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பின்னால் சொல்கிறேன், மன்னியுங்கள். பேட்டரியில் கை வைப்பதற்கு முன் சாவியைப் போட்டு மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால், ஸ்கேனர் வைத்திருப்பவரை வரவழைத்து என்ன பழுது பதிவாகியிருக்கிறது என்று படித்து, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வண்டி கொடுக்கும்போது, “வரும்போது விளக்கு எரியவில்லை, நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்ற பேச்சு வரும். விளக்கு எரியவே இல்லை என்றாலும், வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய வண்டி விற்கிற சிலர், அந்த விளக்கின் இணைப்பை மீட்டரிலுள்ள வேறொரு விளக்கோடு கட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். வாங்குகிறவர் நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டிப் போவார்.

பம்பரைக் கழற்றுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும். பெரும்பாலான பிக்கப்களில் முன் சென்சார் பம்பரில் இருக்காது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலோ, சேசிஸின் முன் முனையிலோ இருக்கும். பம்பர் கழன்று வர அதைத் தொட வேண்டிய தேவையே பல நேரம் இருக்காது. தேவையில்லாததைக் கழற்றாதீர்கள். பம்பரிலேயே பதிந்திருக்கும் வட்டப் பொட்டுகள் பார்க்கிங் சென்சார். அவற்றுக்கும் ஏர்பேக்குக்கும் சம்பந்தமில்லை. சில வெளிநாட்டுக் கார்களில் மட்டும், பம்பருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சோடு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஓடி, இரண்டு முனையிலும் சென்சாரில் முடியும். நடந்து போகிறவர் மீது மோதினால் பானெட்டைத் தூக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அது. வாஷர் தண்ணீர்க் குழாய் என்று நினைத்து வெட்டி எறிந்தவரை எனக்குத் தெரியும்.

பம்பரை இரண்டு பேராகப் பிடித்து இறக்குங்கள். தனியாக இழுத்தால் பனிவிளக்கின் ஒயர் கடைசியில் மாட்டிக்கொள்ளும். பம்பரின் மொத்தக் கனமும் அந்த ஒயரில் தொங்கும். அதே ஒயர்க் கட்டில்தான் சில வண்டிகளில் சென்சாரின் மஞ்சள் ஒயரும் போகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு மழை நாளில் விளக்கு எரியும்.

உங்கள் வண்டியில் தகடு கோணியிருப்பதால் சென்சாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மஞ்சள் கப்ளரை மற்ற கப்ளர் போலப் பிடித்து இழுக்காதீர்கள். அதில் இரட்டைப் பூட்டு இருக்கும். வேறு நிறத்தில் நகத்தளவு ஒரு சிறிய துண்டு தெரியும். முதலில் அதை நகர்த்த வேண்டும், பிறகுதான் வழக்கமான நாக்கை அமுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் அந்தத் துண்டு ‘டிக்’ என்று உடைந்து எங்கோ பறக்கும். உடைந்தபின் கப்ளர் மாட்டிய மாதிரியே இருக்கும், ஆனால் கொளத்தூர் ரெட்டேரி மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும்.

கழற்றிய கப்ளரின் வாயை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு பல மாதங்களுக்கு என் கடைக்கு வந்த வண்டிகளில் பாதி, பம்பர் மூழ்கத் தண்ணீரில் நின்றவை. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று உரிமையாளர்கள் சந்தோஷப்பட்டார்கள். முன் சென்சார் எஞ்சினை விடத் தாழ்வாக இருக்கிறது என்பதை யாரும் நினைக்கவில்லை. கப்ளருக்குள் பித்தளைப் பாத்திரத்தில் புளி வைத்தது போலப் பச்சை பூத்திருக்கும். காசிமேடு, எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு வெள்ளமே தேவையில்லை, உப்புக் காற்று போதும். அந்தப் பச்சையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் பூச்சு போய்விடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பூக்கும். முனையை மாற்ற வேண்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ஹாரனுக்குச் சரி, இங்கே சரியில்லை.

கையில் டெஸ்ட் லாம்பு இருந்தால் பெட்டிக்குள் வையுங்கள். மஞ்சள் ஒயர் எங்கே தெரிந்தாலும் டெஸ்ட் லாம்பும் வேண்டாம், மல்டிமீட்டரின் ஓம் அளவையும் வேண்டாம். சென்சார் பக்கம் குத்தினால் சென்சார் போகும். தவறிப்போய் ஏர்பேக் பக்கத்து ஒயரில் குத்தினால் நீங்கள் போவீர்கள். அந்த மருந்தைப் பற்றவைக்க மிகச் சிறிய மின்சாரம் போதும்.

இனி கோணிய தகடு. உங்கள் கடிதத்தில் உண்மையான ஆபத்து இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. பம்பரைக் கழற்றும்போது நீங்கள் பயந்தீர்கள், அது இயல்பு. நான் பயப்படுவது மாட்டும்போது.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு பிக்கப் என்னிடம் ஏசி வேலைக்கு வந்தது. கூலிங் இல்லை, கண்டன்சரைப் பார்க்க முன் கிரில்லைக் கழற்றினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒன்று எஞ்சினின் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் வலது பக்க மோதல் சென்சார். அது உட்கார வேண்டிய தகடு இல்லை. ஒரு வெள்ளை கேபிள் டையால் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டி, தொட்டில் போலத் தொங்கவிட்டிருந்தார்கள். முகம் தரையைப் பார்த்திருந்தது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஒரு வருடம் முன்னால் முன்பக்கம் வேலை பார்த்தோம். ஏர்பேக் விளக்கு எரியவில்லையே?” என்றார்.

எரியாதுதான். தம்பி, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். அந்த விளக்கு பார்ப்பது மின்சாரத் தொடர்பை மட்டும். சென்சார் இருக்கிறதா, பதில் சொல்கிறதா, ஒயர் அறுந்திருக்கிறதா என்று கேட்கும். ‘நீ எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாய், எந்தத் திசையைப் பார்க்கிறாய்’ என்று கேட்க அதற்கு வழி கிடையாது. தொங்குகிற சென்சாரும் “உள்ளேன் ஐயா” என்றுதான் சொல்லும். ஒரு வருடமாக அந்த மனிதர் தினமும் காலையில் விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருந்தார். மோதல் நடந்திருந்தால் வண்டியின் சட்டம் நின்ற வேகத்தில் அந்தச் சென்சார் நின்றிருக்காது. ஒயரில் ஊசலாடி, தாமதமாக, தவறாகத்தான் ஏதாவது சொல்லியிருக்கும்.

கோணிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவதிலும் இதே கோளாறு சிறிய அளவில் இருக்கிறது. சென்சாரை ஒரு குறிப்பிட்ட திசைக்கும், குறிப்பிட்ட விறைப்புக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நிமிர்த்திய தகடு பார்வைக்கு நேராக இருக்கும். ஆனால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்த இரும்பு, மடங்கின இடத்திலேயே மறுபடியும் மடங்கும் என்பது டிங்கரிங் கற்ற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். மோதலின் முதல் சில மில்லி செகண்டில் அந்தத் தகடு வளைந்து கொடுத்தால் செய்தி பிந்தும். அது தனியாக போல்ட் போட்ட தகடாக இருந்தால் புதிது வாங்குங்கள். சட்டத்தோடு ஸ்பாட் வெல்டிங் ஆனதாக இருந்தால் அந்தச் சட்டத்தையே மாற்ற வேண்டும். விலை அதிகம்தான். மொத்தத் தொகையையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, இன்சூரன்ஸ் சர்வேயரிடம் காட்டச் சொல்லுங்கள். மோதலில் கோணிய தகடு வெளிப்படையான சேதம், பம்பரைக் கழற்றிய நிலையில் படம் எடுத்துக் காட்டினால் பேச இடம் இருக்கிறது.

சென்சாரும் சந்தேகத்துக்குரியதுதான். உறையில் கீறலோ விரிசலோ இருந்தால் மாற்றுங்கள். நீங்கள் கழற்றும்போது கைதவறி சிமெண்ட் தரையில் விழுந்தாலும் மாற்றுங்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும்தான். அதனால் கழற்றியதும் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், பானெட்டின் மேல் வைக்காதீர்கள். பக்கத்தில் சுத்தியல் வேலையோ சூடுபடுத்தும் வேலையோ இருந்தால் அது முடிந்த பிறகுதான் சென்சார் வண்டிக்குத் திரும்ப வேண்டும். சட்டத்தில் வெல்டிங் இருந்தால் பேட்டரி இணைப்பு துண்டித்தபடியே இருக்கட்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பின் சக்கரத்தில் கிளாம்பை மாட்டிவிட்டு முன்னால் பற்றவைத்தால், நடுவில் இருக்கும் எல்லா யூனிட்டுக்குள்ளும் மின்சாரம் வழி தேடும்.

மாட்டும்போது சென்சார் மேல் ஒரு அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். பல சென்சாரில் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கொம்பும், தகட்டில் அதற்கு ஒரு துளையும் இருக்கும். தவறான திசையில் உட்காரக்கூடாது என்பதற்காகவே வைத்தது. கொம்பு துளைக்குள் போகவில்லை என்றால் தகடு தவறு, அல்லது சென்சார் தவறு. கிரைண்டரால் கொம்பைச் சீவியவர்களையும் பார்த்திருக்கிறேன். உட்காரும் இடத்தில் பட்டியோ (பள்ளம் நிரப்பும் பசை), கெட்டியான பெயிண்டோ, துருவோ இருக்கக்கூடாது. ரப்பர் வாஷர் போடாதீர்கள். போல்ட்டை உங்கள் கைப்பலத்துக்கு முறுக்காதீர்கள், அது சின்ன போல்ட். புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பட்டறையில் டார்க் ரெஞ்ச் சக்கர நட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், சின்ன அளவில் ஒன்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும். முதலாளி ஒருமுறை செலவு செய்யட்டும்.

புதுப்பேட்டையில் பழைய சென்சார் கிடைக்குமே என்று அவர் சொல்லக்கூடும். நானும் அங்கே கதவு வாங்கியிருக்கிறேன், ஹெட்லைட் வாங்கியிருக்கிறேன், மனம் நிறைந்து வாங்கியிருக்கிறேன். சென்சாரும் ஏர்பேக்கும் மட்டும் அங்கே வாங்குவதில்லை. எந்த விபத்திலிருந்து வந்தது, எத்தனை நாள் மழையில் கிடந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஈரமும் வெப்பமும் இந்த மருந்தை என்ன செய்யும் என்பதற்கு ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் டகாட்டா கம்பெனியே சாட்சி. அவர்கள் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், ஈரக்காற்றும் சூடும் உள்ள ஊர்களில் வருடக்கணக்கில் இருந்து தரம் கெட்டு, மோதலின்போது இரும்புக் குடுவையையே சிதறடித்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017-இல் கம்பெனி திவாலாகிவிட்டது. ஈரமும் சூடும் என்றால் நம் ஊர்தான். பட்டறைக்குப் பழைய கார் ஏதாவது வந்தால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் காருக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று கம்பெனி ஷோரூமில் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் இலவசமாகவே மாற்றிக் கொடுப்பார்கள்.

தண்ணீர் லாரியில் இடித்தும் ஏர்பேக் ஏன் விரியவில்லை, அது பழுதா என்று அந்த வாடிக்கையாளர் கட்டாயம் கேட்பார். பெரும்பாலும் பழுதில்லை. முன் ஏர்பேக், அசையாத கெட்டியான சுவரில் மணிக்குச் சுமார் 13 முதல் 23 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதுவதற்குச் சமமான அடி விழும்போது விரியும்படி அமைக்கப்படுகிறது. சீட் பெல்ட் போட்டிருந்தால் சில வண்டிகளில் இந்த எல்லை இன்னும் மேலே போகும். ரவுண்டானாவில் ஊர்ந்து போகையில், ஒரு மூலையில் மட்டும், லாரியின் அடியில் நுழைந்த மோதல் அந்த அளவைத் தொட்டிருக்காது. ஆனாலும் யூனிட்டில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று ஸ்கேனர் பார்த்துச் சொல்லட்டும்.

இரும்பு கார்டுக்கு என் பதில் கூடாது என்பதே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதி, இது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. போக்குவரத்துக் காவலர் நிறுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். கார்டு நேராக சேசிஸின் இரண்டு முனையில் போல்ட் ஆகிறது. நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முனைகளை அது விறைப்பாக்கிவிடும். சென்சாருக்குப் போகும் அடியின் கணக்கே மாறிப்போகும். ஒன்று, விரியக்கூடாத சின்ன அடிக்கு விரியும். இல்லையென்றால் விரிய வேண்டிய நேரத்தில் பிந்தும். குறுக்கே வரும் பாதசாரிக்கு அந்தக் குழாய் என்ன செய்யும் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. “என் வண்டி, என் இஷ்டம்” என்றால் வேறு பட்டறைக்குப் போகட்டும். அந்த ஒரு பில் போனாலும் பரவாயில்லை என்று முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் என் மேல் வரட்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், பேட்டரியின் மைனஸ் முனைதான் கடைசி. அப்போது வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாது. இணைத்த பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு நேராகக் குனியாமல் பக்கவாட்டில் நின்றபடி கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். அணைந்தால் மின்சாரப் பக்கம் சரி. பிறகு மறுபடி குனிந்து, கைவிளக்கோடு, இரண்டு பக்கச் சென்சாரையும் கண்ணால் பாருங்கள். அம்பு, கொம்பு, பூட்டின் நாக்கு. இந்தப் பார்வையை உங்களுக்காக எந்த விளக்கும் பார்க்காது.

இன்னொன்றும் முதலாளியிடம் சொல்லலாம். புதிதாகத் தயாராகும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் 2021-க்குள் கட்டாயமாகிவிட்டது. இனி உங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் மஞ்சள் ஒயர் இல்லாதவைதான் அபூர்வம். டார்க் ரெஞ்சும் ஒரு சாதாரண ஸ்கேனரும் இல்லாமல் முன்பக்க வேலை எடுப்பது இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?

சனிக்கிழமை வண்டி கொடுக்க முடியாது. தகடு ஆர்டர் போட்டு வந்து சேர நாலைந்து நாளாவது ஆகும். வாடிக்கையாளரை இன்றைக்கே கூப்பிட்டு அடுத்த வாரக் கடைசி என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால், கோணிய தகட்டை அவர் கையில் கொடுங்கள்.